பயிர்த்துணை கம்பெனிக்கு ஒரு கடிதம்

புதூர்நாடு
24.8.2025

என் மகள் சிவசங்கரிக்கு, உன் நைனா கண்ணாயிரம் தன் கையால் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம். நீயும், நீ பார்த்துக்கொள்கிற பெரியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

தன் கையால் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள். தேவி டீச்சர் எழுதித் தரவில்லை. காலையில் உட்கார்ந்தேன், இப்போது மாடுகள் வீடு திரும்பிவிட்டன. எழுபது வயதில் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது உன் அம்மா, "எழுதிக் கிழிச்சி இன்னா பண்ணப்போற? கலெக்டர் ஆவப்போறியா?" என்று சிரித்தாள் அல்லவா. இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எம்பேரு எங்க கீது, காட்டு" என்கிறாள். வெள்ளையம்மாள் என்று எழுதிக் காட்டினேன். விரலால் அளந்து பார்த்துவிட்டு, "இத்தினி நீளமா நானு?" என்கிறாள்.

சாமை கதிர் தள்ளுகிறது. பன்றிகளும் வரத் தொடங்கிவிட்டன. போன வருஷம் பக்கத்து வயல் சந்திரனின் தொடையைக் கிழித்ததே, அந்தக் கூட்டம்தான். பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டுகிறேன். முன்பெல்லாம் தகரச் சத்தம் கேட்டால் ஓடும். இப்போது நின்று என்னைப் பார்க்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. இதை உன் அம்மாவிடம் வாயால் சொல்ல வெட்கம். எழுதும்போது அந்த வெட்கம் வரவில்லை. எழுத்து கற்றதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

உன் பதிலை நானே படிப்பேன். பெரிய எழுத்தாக எழுது.

உன் நைனா
கண்ணாயிரம்

---

சென்னை
1.9.2025

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் சிவசங்கரியின் வணக்கம். இங்கே நான் சுகம். பெரியம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. வேலூர் ஹாஸ்டலில் உங்கள் பேரன் வெற்றிச்செல்வனும் ஒழுங்காகப் படிக்கிறானாம்.

உங்கள் கடிதத்தைப் பெரியம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உங்கப்பா கையெழுத்து என் பிள்ளை கையெழுத்தை விட நல்லா இருக்கு" என்றார். உண்மை, நைனா.

இனி நீங்கள் பரண் ஏற வேண்டாம். ஆன்லைனில் ஒரு விளக்குப் பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏறும். இருட்டினால் சிவப்பு விளக்கு சுற்றும். நாய் மாதிரிக் குரைக்கும், வெடி மாதிரிச் சத்தம் போடும். பன்றி கிட்டே வராது என்று போட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் வந்துவிடும். நம் வீட்டுக்குத் தெருப்பெயர் இல்லாததால் பூபாலன் மளிகைக் கடை விலாசம் கொடுத்திருக்கிறேன்.

காசுக்கு என்ன செய்தாய் என்று கேட்டு எழுத வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்குக் காது எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்
சிவசங்கரி

---

புதூர்நாடு
20.9.2025

மகள் சிவசங்கரிக்கு நைனா எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. அங்கே எப்படி?

உன் கடிதத்தை நானே படித்தேன். நாலு நாள் வைத்து வைத்துப் படித்தேன். ஒரே நாளில் படித்துத் தீர்க்க மனசு வரவில்லை.

விளக்குப் பெட்டி வரவில்லை. தினமும் பூபாலன் கடைக்குப் போய்க் கேட்கிறேன். "தாத்தா, நீ வந்து கேட்டா பெட்டி பயந்துக்கினு வராது, போ" என்கிறான். ஜீப் ஓட்டுகிற ராஜாக்கண்ணுவும் திருப்பத்தூர் கூரியர் ஆபீசில் விசாரித்தான். கடை பூட்டியிருந்ததால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அங்கே சொன்னார்களாம். பூபாலன் என்றைக்குக் கடையைப் பூட்டினான், நீயே சொல். மலை ஏறி ஒருத்தரும் வரவில்லை.

பன்றிகள் வந்துவிட்டன. மேற்கு வயல் முழுக்கப் போய்விட்டது. தின்றதை விட மிதித்தது அதிகம். நான் தகரத்தைத் தட்டிக்கொண்டே இறங்கினேன். ஏணியில் கால் வழுக்கி விழுந்ததில் கையில் கொஞ்சம் சிராய்ப்பு. எழுதுகிற கை இல்லை. அதனால் கவலைப்படாதே.

மிச்சம் இருந்ததை அவசரமாக அறுத்துவிட்டோம். இனிமேல் அந்தப் பெட்டி வந்து யாரைப் பார்த்துக் குரைக்கப் போகிறது? வேண்டாம் என்று சொல்லிக் காசைத் திரும்ப வாங்கிவிடு.

உன் நைனா
கண்ணாயிரம்

---

சென்னை
26.9.2025

அன்புள்ள நைனாவுக்கு வணக்கம். கையில் சிராய்ப்பு என்று நீங்கள் எழுதினால் அது எவ்வளவு பெரிய காயம் என்று எனக்குத் தெரியும். மருந்து போடுங்கள். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

வேண்டாம் என்று இப்போது சொல்ல முடியாதாம். மறுபடி கிளம்பிவிட்டது என்று காட்டுகிறது. வந்ததும் பிரிக்காமல், தொடாமல், அப்படியே ராஜாக்கண்ணு அண்ணனிடம் கொடுத்துக் கூரியர் ஆபீசில் சேர்த்துவிடுங்கள். தாமதமாக வந்த பொருள் என்பதால் முழுப் பணமும் திரும்பும்.

நைனா, இதை உங்களிடம் மறைத்திருக்கக் கூடாது. அந்தப் பெட்டியை நான் பெரியம்மாவின் போனில் ஆர்டர் செய்தேன். அவருக்கு வேண்டிய மருந்து, சாமான் எல்லாம் அதில்தான் வாங்குவேன். பணம் அவர் மகன் புருஷோத்தமன் சாருடைய கார்டிலிருந்து போகும். நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, சம்பளம் வந்ததும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். அதற்குள் இந்த வீட்டில் ஒரு வெள்ளி டம்ளர் காணாமல் போய், சமையல் செய்த அன்னாள் அக்காவை அன்றே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு வாய் வரவில்லை. இப்போது கையில் காசு கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். கார்டிலிருந்து போனது கார்டுக்கே திரும்பிவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

போனில் இதைப் பேசாதீர்கள். பெரியம்மாவுக்குக் காது சரியில்லாததால் இங்கே எல்லாப் பேச்சும், என் போன் பேச்சு கூட, ஸ்பீக்கரில்தான். எழுதுங்கள்.

பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

சிவசங்கரி

---

புதூர்நாடு
6.10.2025

மகளுக்கு நைனா எழுதுவது. நீ பயப்படாமல் இதைப் படிக்க வேண்டும்.

பெட்டி ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. உன் கடிதம் பூஜை முடிந்த பிறகு வந்தது.

நாங்கள் பிரித்துவிட்டோம். திருப்பி அனுப்பத்தான் போகிறோம், இருந்தாலும் வீட்டுக்கு வந்த புது மெஷினைப் பூஜையில் வைக்காமல் விட்டால் தோஷம் என்று உன் அம்மா சொன்னாள். கலப்பை, அரிவாள், மண்வெட்டி வரிசையில் அதையும் வைத்துச் சந்தனம் பூசி, மஞ்சள் குழைத்து, மூன்று பக்கமும் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். மேலே பூசியது போய்விட்டது. சத்தம் வருகிற சின்னச் சின்ன ஓட்டைகளில் மஞ்சள் இறங்கிவிட்டது. துடைப்பக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தோம். முழுக்க வரவில்லை.

ராஜாக்கண்ணு ஜீப்பில் நானே திருப்பத்தூர் போனேன். கூரியர் ஆபீஸ் தம்பி பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"பெரியவரே, இத்த யாருனா திருப்பி எடுப்பாங்களா? சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சிக்கிறீங்க. மாலை ஒண்ணுதான் கொற" என்றான்.

"மாலையும் போட்டாங்கப்பா. ஆடு துன்னுடுச்சி" என்றான் ராஜாக்கண்ணு.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. அந்தத் தம்பி படம் எடுத்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. உபயோகித்த பொருள், எடுக்க முடியாது என்று வந்ததாம். பெட்டியைத் திரும்ப என் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

"யாருனா தெரிஞ்சி பண்ணுவாங்களா, எம்பொண்ணு இதுக்கு அடி வாங்குவாளா?" என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை என்று எழுது. அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உன் நைனா
கண்ணாயிரம்

---

சென்னை
12.10.2025

நைனாவுக்கும் அம்மாவுக்கும். இது அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டிய பக்கம்: நான் நன்றாக இருக்கிறேன். என்னை யாரும் அடிக்க மாட்டார்கள். பெரியம்மா என்னைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்.

இந்தப் பக்கம் உங்களுக்கு மட்டும்.

எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சார் வேலை விஷயமாக வெளியூரில் இருந்ததால் போன மாதக் கார்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. தீபாவளி முடிந்து உட்கார்ந்து பார்ப்பேன் என்று நேற்று சொன்னார். நான் சோறு வைக்காத தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டேன். பெரியம்மா, "என்னடி, ஜுரமா?" என்று கேட்டார்.

அந்த வெள்ளி டம்ளர் கிடைத்துவிட்டது, நைனா. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சார் வாங்கி அலமாரியில் வைத்தார். அன்னாள் அக்காவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. எங்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியில் அவர் பெயருக்கு நேரே எழுதியது எழுதியதுதான். இப்போது எந்த வீட்டிலும் அவருக்கு வேலை தர மாட்டேன் என்கிறார்களாம். எனக்கும் அப்படி ஆனால் வெற்றிச்செல்வன் படிப்பு என்ன ஆகும்?

நீங்கள் இனி ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்டியைக் கழுவ வேண்டாம், திருப்பத்தூர் போக வேண்டாம். நான் ஏதாவது யோசிக்கிறேன்.

சிவசங்கரி

---

புதூர்நாடு
18.10.2025

கோயம்புத்தூர் பயிர்த்துணை கம்பெனி முதலாளி அவர்களுக்கு, ஜவ்வாது மலை புதூர்நாட்டிலிருந்து கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் குடும்பமும், கம்பெனியில் வேலை செய்கிற எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி வெள்ளையம்மாளும் இருக்கிறோம்.

பெட்டிக்குள் இருந்த தாளில் உங்கள் விலாசம் தமிழிலும் இருந்தது. நான் போன வருஷம்தான் படிக்கக் கற்றேன். அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் பன்றி விரட்டும் விளக்கு நல்ல விளக்குதான். ஆனால் பன்றி வந்து போன பிறகு வந்தது. கூரியர்காரர்கள் விலாசத்தில் இருக்கிற கடை பூட்டியிருந்தது என்று சொன்னது பொய். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்ததால் என் மனைவி மஞ்சள் வைத்துவிட்டாள். அதற்காகத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நாங்கள் அதை ஒரு நாளும் உபயோகிக்கவில்லை. சாமி கும்பிட்டது உபயோகம் ஆகுமா?

எனக்காகக் கேட்கவில்லை. என் மகள் சிவசங்கரி சென்னையில் ஒரு பெரியம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பன்றிக்குப் பயப்படுகிறேன் என்று எழுதியதால், அந்த அம்மா போனில், அவர் மகன் கார்டில், சொல்லாமல் இதை வாங்கிவிட்டாள். அவள் திருடி இல்லை. சம்பளத்தில் கொடுக்கலாம் என்றுதான் இருந்தாள். அந்த வீட்டில் ஒரு டம்ளருக்காகச் சமையல்காரம்மாவை அனுப்பிவிட்டார்கள். பணம் கார்டுக்குத் திரும்பாவிட்டால் என் மகள் பெயரும் கெட்டுவிடும். அவளுக்குப் புருஷன் இல்லை. பையன் படிக்கிறான்.

ஐயா, இந்த விஷயம் அந்த வீட்டு ஐயாவுக்குத் தெரியக் கூடாது. உங்களுக்குள் இருக்கட்டும். மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
கண்ணாயிரம்

---

கோயம்புத்தூர்
30.10.2025

மதிப்பிற்குரிய கண்ணாயிரம் ஐயா அவர்களுக்கு,

பயிர்த்துணை வாடிக்கையாளர் சேவையிலிருந்து காவியா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க விரும்புகிறோம்.

எங்கள் நிறுவனத்துக்குக் கையால் எழுதிய கடிதம் வருவது இதுவே முதல் முறை. மதிய இடைவேளையில் அதைச் சத்தமாகப் படித்தோம். முதலாளியும் நின்று கேட்டார். உங்களுக்குப் பொருள் தாமதமாக வந்தது எங்கள் பொறுப்பு. முழுப் பணத்தையும் பணம் வந்த கார்டுக்கே இன்று திருப்பி அனுப்பிவிட்டோம். விளக்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி விஷயத்தை வெளியே சொல்லவில்லை. ஆர்டரில் பதிவாகியிருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். சிவசங்கரிதான் பேசுகிறேன் என்று உங்கள் மகளே சொன்ன பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பற்றியும் பணம் திரும்புவதைப் பற்றியும் விவரமாகச் சொன்னேன். அவர் பதில் எதுவும் பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்
காவியா

---

புதூர்நாடு
5.11.2025

என் தங்க மகளுக்கு நைனா எழுதுவது. உன் அம்மா, நான், மாடு, கன்று எல்லாரும் சுகம்!

பணம் திரும்பிவிட்டது! நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாய். நான் உனக்குத் தெரியாமல் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். மூன்று பக்கம். கம்பெனியில் நின்று கேட்டார்களாம். காவியா என்று ஒரு பெண் எனக்குப் பதில் போட்டிருக்கிறாள். உன்னிடமும் பேசிவிட்டாளாம். அந்தக் கடிதத்தைப் பூபாலன் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "தாத்தா, எனுக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடு, ரெண்டு வருஷமா ரேஷன் கார்டு வர்ல" என்று ராஜாக்கண்ணு கேட்கிறான்.

தூபம் போட்டதற்கு அந்தச் சாமி நல்லதுதான் செய்திருக்கிறது என்கிறாள் உன் அம்மா.

இனி நிம்மதியாகச் சாப்பிடு. உடனே பதில் போடு.

உன் நைனா
கண்ணாயிரம்

---

புதூர்நாடு
19.11.2025

மகள் சிவசங்கரிக்கு. இங்கே சுகம். அங்கே சுகமா?

பதில் இல்லையே அம்மா. மழையில் தபால் நின்றுவிட்டதோ என்று போஸ்ட்மேனைக் கேட்டேன். மற்றவர்களுக்கு எல்லாம் வருகிறது. சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி உன் நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுநாளும் ஏறினேன். அதே குரல்.

காவியாவின் கடிதத்தை மறுபடி படித்தேன். முதலில் படித்தபோது சந்தோஷத்தில் வேகமாகப் படித்துவிட்டேன். இப்போது மெல்லப் படித்தேன். ஆர்டரில் பதிவான எண்ணுக்கு அழைத்தேன் என்று எழுதியிருக்கிறாள். அது பெரியம்மாவின் போன் அல்லவா. அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில் என்று நீ எழுதியிருந்தாய்.

அப்படி ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. உன் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேனாவைத் தொடுவதில்லை என்று மட்டும் அவள் கவனித்துவிட்டாள்.

கண்ணாயிரம்

---

சென்னை
22.11.2025

நைனாவுக்கு. அம்மா நலமா? எழுதத் தாமதம் ஆகிவிட்டது. தபால் போடக் கூட என்னை வெளியே அனுப்புவதில்லை. மாடிப்படி பெருக்க வருகிற அக்காவிடம் இதைக் கொடுக்கிறேன்.

நீங்கள் நினைத்தது சரிதான். பெரியம்மாவுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டேன். சார் எதிர் நாற்காலியில் இருந்தார். "சிவசங்கரியா? உங்கப்பா எழுதின லெட்டரைப் படிச்சு நாங்க எல்லாரும் அழுதுட்டோம்க்கா" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். டம்ளர் விஷயம் வரை சொன்னாள். என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது, அழுத்த வரவில்லை.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "வேற என்னென்ன வாங்கின?" என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். என் பையைக் கொண்டு வரச் சொல்லி, தரையில் கொட்டச் சொன்னார். என் புடவைகள், வெற்றிச்செல்வன் போட்டோ, மாத்திரை. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு ஆள் கிடைக்கும் வரை இருக்க வேண்டுமாம். பிறகு ஏஜென்சியில் சொல்லிவிடுவாராம். "நான் சொல்ல வேண்டியதே இல்ல, உங்கப்பாவே எழுதிக் கொடுத்திருக்காரே" என்றார். என் போனை நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன். மணி அடித்தால் அவர் திரும்பிப் பார்க்கிறார்.

ஏன் நைனா எழுதினீர்கள்? ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதானே சொன்னேன்.

சிவசங்கரி

---

சென்னை
30.11.2025

என் மனைவி வெள்ளையம்மாளுக்கு உன் புருஷன் கண்ணாயிரம் எழுதுவது. தேவி டீச்சர், தயவுசெய்து இதைச் சத்தமாகப் படிக்கவும், அவளுக்குக் காது மந்தம்.

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். சிவசங்கரி உயிரோடு, உடம்போடு இருக்கிறாள். இளைத்திருக்கிறாள். புது ஆள் வருகிற வரை பெரியம்மாவைத் தனியே விட்டு வர மாட்டேன் என்கிறாள். அதுவரை வாட்ச்மேன் அறையில் நானும் இருந்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாட்டுக்குத் தவிடு மறக்காதே.

போர்டுகளைப் படித்துப் படித்து நானே பஸ் மாறினேன். வீட்டுக் கதவில் புருஷோத்தமன் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பன்றிக்கு முன்னால் கூட அப்படி வரவில்லை. மணியை அடித்துவிட்டுத் திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். லிஃப்டில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியவில்லை. அதனால் நின்றேன்.

அவரேதான் திறந்தார். "நான்தாங்க அந்த லெட்டரை எழுதனவன். கண்ணாயிரம்" என்றேன்.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "பெரியவரே, நான் போலீஸுக்கெல்லாம் போகல. புது ஆள் வந்ததும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"கூட்டிக்கினு போறேங்க. எம்பொண்ணு இந்த வூட்ல திருடலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எழுதி என்ன செய்யப்போறீங்க?"

"படிப்பேங்க. அப்பறம் ஏஜென்சில குடுப்பேன்."

என்னைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்துச் சரசரவென்று எழுதிக் கொடுத்தார். சிவசங்கரி வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. கூட்டெழுத்து, ரொம்பக் கஷ்டம். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரியம்மா டிவியை நிறுத்திவிட்டார். என் மூச்சுதான் கேட்டது. சிவசங்கரி இந்த வீட்டில் வேலை செய்தார், சொந்தக் காரணத்தால் விலகுகிறார் என்று இருந்தது.

"இது வேறங்க. நான் கேட்டது இது இல்ல" என்று திருப்பி நீட்டினேன்.

அவருக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்துவிட்டது. "கேக்காம என் கார்டுல வாங்கறதுக்குப் பேரு என்ன? எங்கம்மாவை நம்பி விட்டுட்டுப் போறேன், பெரியவரே. எனக்கும் பயம் இருக்காதா?" என்றார். அது நியாயம்தான், வெள்ளையம்மா. எனக்குத் தெரிந்த பயம்தான்.

"கேக்காம வாங்கனது தப்புங்க. அதையும் எழுதுங்க. காசு உங்க கார்டுக்கே திரும்பி வந்துடுச்சி, அதையும் எழுதுங்க. திருடலன்னும் எழுதுங்க. மூணும் நெஜம்தானேங்க" என்றேன்.

அவர் பேனாவை மேஜை மேல் போட்டார். சிவசங்கரி, "வா நைனா, போதும்" என்று என் சட்டையைப் பிடித்தாள். போய்விடலாம் போலத்தான் இருந்தது.

அப்போது பெரியம்மா கட்டிலிலிருந்து, "எழுதுடா" என்றார். "அன்னாளுக்கும் எழுதியிருக்கணும் நீ. எழுது."

அவர் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். இந்த முறை தனித்தனி எழுத்தாக, நான் படிக்கிற மாதிரி எழுதினார். சிவசங்கரி என்னிடம் கேட்காமல் ஒரு பொருள் வாங்கினார். பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. அவர் இந்த வீட்டில் எதையும் திருடவில்லை. கீழே புருஷோத்தமன் என்று கையெழுத்து.

ஒரு முறை மனசுக்குள் படித்தேன். இன்னொரு முறை சிவசங்கரிக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். திருடவில்லை என்ற இடம் வந்ததும் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"சரியா இருக்கா?" என்று அவர் கேட்டார்.

தாளை மேலிருந்து கீழே இன்னொரு முறை பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"தேதி போடலீங்களே."

போட்டுக் கொடுத்தார்.

உன் புருஷன்
கண்ணாயிரம்